இருபதாவது ஆளின் பெறுமதி

அந்தக் கழகத்தின் காரியதரிசி என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'லவ்' என்பார். மெல்பேர்னில் பேக்கரியில் பாண் விற்கிறவளும் ட்ராம் கண்டக்டரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இவர் கூப்பிடும்போது மேசை துடைக்க வந்தவளைக் கூப்பிடுவதுபோல இருக்கும். பக்கத்தில் நிற்கிற ஆம்பிளைகளுக்கு அவர் 'மிஸ்டர்' போடத் தவறியதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில் பிசியோதெரபி படித்து, அங்கே பெரியாஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு, கணவரோடு மெல்பேர்னுக்கு வந்திருந்தேன். வந்ததும் என் படிப்பு செல்லாது என்றார்கள். உதவியாளராகச் சேர்ந்து, கட்டில் தள்ளி, துவாய் மடித்து, மறுபடி சோதனை எழுதிப் பாஸ் பண்ணிய பிறகுதான் ஒரு நோயாளியின் காலைத் தொட விட்டார்கள். அந்தக் கோபம் தணிவதற்குள் இந்தக் கதை தொடங்கிவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு ஒப்பரேசன் செய்கிற பெரிய டொக்டர்தான் அந்த உதைபந்தாட்டக் கழகத்துக்கும் டொக்டர். மெல்பேர்ன் உதைபந்தாட்டம் என்பது நாங்கள் ஊரில் பார்த்த விளையாட்டல்ல. முட்டைபோலப் பந்து, கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், ஆளை ஆள் மோதி விழுத்தலாம். களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். வெளியே வாங்கில், அந்த நீளப் பலகை ஆசனத்தில், இரண்டு பேர். பத்தொன்பதாவது ஆள், இருபதாவது ஆள் என்று அவர்களுக்குப் பெயர். உள்ளே ஒருவன் அடிபட்டு வெளியே வந்தால் அவனுக்குப் பதிலாக இவர்களில் ஒருவன் போவான். வெளியே வந்தவன் திரும்பப் போக முடியாது. அதனால் இருபதாவது ஆளைக் கடைசிவரை இறக்காமல் வைத்திருப்பார்கள். பல சனிக்கிழமைகளில் அவன் வாங்கில் இருந்துவிட்டே வீட்டுக்குப் போவான்.

அப்படி இருந்த ஒருவனின் முழங்காலைத்தான் டொக்டர் என்னிடம் ஒப்படைத்தார். வார நாட்களில் மேசன் வேலை செய்கிறவன். செங்கல் தூக்கித் தூக்கிப் பலகைபோலான முதுகு, அதிகம் பேச்சில்லாத வாய். என் பெயரைச் சொல்ல மூன்று தரம் முயன்றான். பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு 'மிஸிஸ்' என்று கூப்பிடத் தொடங்கினான். குறைந்தபட்சம் முயன்றான். ஒப்பரேசன் செய்த கால் மெலிந்து போயிருந்தது. மணல் மூட்டையைக் கணுக்காலில் கட்டித் தூக்கச் சொன்னால் முகம் சிவக்கத் தூக்குவான். வலிக்கிறதா என்று கேட்டால், "கொஞ்சம்" என்பான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை அவன் நெற்றி வியர்வையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் கால் தேறியதைப் பார்த்து, பயிற்சி நாட்களில் கழகத்துக்கு வரமுடியுமா என்று டொக்டர் என்னைக் கேட்டார். போனேன். வீரர்கள் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் பெண்கள் போகக்கூடாது. அதனால் சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறையைத் தந்தார்கள். ஈரச் சட்டைகளின் மணமும் சேற்று மணமும் நிறைந்த அந்த அறையில் பழைய மேசை ஒன்றைப் போட்டு, அதில் ஒவ்வொருவராகப் படுக்கவைத்து வைத்தியம் செய்தேன். சனிக்கிழமைகளில் வாங்குக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்ப்பேன். முதல் வருடம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் வருடம் விளங்கத் தொடங்கியது. விளங்கத் தொடங்கியதும் கோபமும் வரத் தொடங்கியது.

ஒரு ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். மழை பெய்து களம் சதுப்பாகிக் கிடந்தது. எதிர்ப்பக்கத்தில் அந்த வருடம் நகரமே பேசிய ஒரு முன்வரிசைக்காரன். உயரம், பலம், குதித்தால் இரண்டு பேர் தோளுக்கு மேலே போவான். எங்கள் தடுப்பாட்டக்காரனை வைத்துக்கொண்டே கோலுக்கு மேல் கோலாக அடித்தான். நாலு பகுதி ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் எங்கள் தடுப்பாட்டக்காரன் தோள் எலும்பு முறிந்து வெளியே வந்தான். வாங்கில் டிரெஸிங் கவுனைப் போர்த்திக்கொண்டு குளிரில் விறைத்துப்போயிருந்த என் மேசன் எழும்பிப் போனான்.

அவன் பந்தைப் பிடிக்க முயலவேயில்லை. அந்தப் பெரியவனின் இடுப்போடு இடுப்பாக ஒட்டி நின்றான். பந்து வருகிற நேரத்தில் அவனை மெல்ல மெல்ல ஓரப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். பந்து கைக்கு எட்டுகிற கணத்தில் மடக்கிய கையால் குத்தி வெளியே அனுப்பினான். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அதன்பிறகு அந்தப் பெரியவன் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆட்டம் முடிய முன்னமே அவன் தன் ஆட்களைத் திட்டத் தொடங்கிவிட்டான். நாங்கள் வென்றோம். அடுத்த நாள் பேப்பர்களில் கோல் அடித்தவர்களின் படங்கள் வந்தன. என் ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு புதுப் பையனைத் தடுப்பில் இறக்கினார்கள். இவன் மறுபடி வாங்கில்.

"ஏன் உங்களை இறக்கவில்லை?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத் தெரியும்" என்றான்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை அந்தப் பருவம் முடிந்ததும் கண்டுகொண்டேன். அடுத்த வருடத்துக்கு யாரை வைத்திருப்பது, யாரை விடுவது என்று தேர்வுக்குழு கூடியது. டொக்டர் வெளிநாடு போயிருந்ததால் காயங்களைப் பற்றிச் சொல்ல என்னை வரச்சொன்னார்கள். கூட்டம் மாடியில், மதுச்சாலை அறையில். அங்கேயும் பெண்கள் ஏறக்கூடாது, கூப்பிட்டால் மட்டும் வரலாம். கீழே குசினியில் குழுவினரின் மனைவிமார் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நின்றேன். யாரோ என் கையிலும் ஒரு கத்தியைத் தந்தார்கள். மாடியில் அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வெள்ளரிக்காய் வெட்டினேன்.

கூப்பிட்டார்கள். போனேன். ஒரு கதிரையும் தரவில்லை. சுவரில் கரும்பலகை, அதில் பெயர்கள்.

"மேசனின்ர முழங்கால் எப்பிடி, லவ்?" என்று காரியதரிசி கேட்டார்.

"நல்லாயிருக்கு. ஒப்பரேசன் செய்த காலும் மற்றக் காலும் இப்ப ஒரே பலம்."

அவர் தலையாட்டிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். நான் அறையில் இல்லாததுபோல அவர்கள் பேசினார்கள்.

"அவனைப் பாக்கவெண்டு ஆர் டிக்கற் எடுத்து வருவினம்?" என்றார் ஒருவர்.

"ஒரு ஆட்டத்தில எத்தினை தரம் பந்தை உதைக்கிறான்? விரல் விட்டு எண்ணலாம்" என்றார் இன்னொருவர்.

பயிற்சியாளர் சுருட்டைக் கையில் பிடித்தபடி சொன்னார்: "வேலைக்கு ஆகிறவன்தான். ஆனா வேலைக்கு ஆகிறவங்களை எங்கயும் எடுக்கலாம்."

எனக்குத் தாங்கவில்லை. "அவர் பந்தைத் தொடுறதில்லை எண்டது சரி" என்றேன். "அவருக்கு முன்னால நிக்கிறவனும் தொடுறதில்லையே. அதை ஆராவது பாத்தனீங்களோ?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்புக்கூட இல்லை. நாலு வயதுப் பிள்ளை கெட்டிக்காரத்தனமாக ஏதோ சொன்னால் விருந்தாளிகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "நல்ல கேள்வி, லவ்" என்றார் காரியதரிசி. "கீழ போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

நான் தேத்தண்ணி குடிக்கவில்லை. நேரே ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ஸ்பிரிங்வேலில் இறங்கி வீட்டுக்குப் போகிறவரை அந்தச் சிரிப்பு காதில் நின்றது.

அவனை விடப்போகிறார்கள் என்றால் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். ஆறு வருடம் விளையாடியவன் அல்லவா. சொல்லவில்லை. கோடையில் பயிற்சி தொடங்கிய அன்று, வழக்கம்போல ஓடிவிட்டு உடுப்பு மாற்றப் போயிருக்கிறான். அவன் உடுப்பு மாட்டுகிற கொழுக்கிக்கு மேலே வேறொருவனின் பெயர். அவனுடைய சாமான்கள் ஒரு கடதாசிப் பெட்டியில் நிலத்தில் கிடந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் சாமான் அறை வாசலில் வந்து நின்றான்.

"மிஸிஸ், நான் கோல்ட்கோஸ்ட் கடற்கரையில போய் இருந்திருக்கலாம் இந்த லீவுக்கு" என்றான். "மனிசி கேட்டவ. பயிற்சி இருக்கெண்டு நான்தான் மாட்டன் எண்டனான்."

அதைத்தான் சொன்னான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியைக் காலால் உதைத்திருந்தாலும் போதும். அவன் என்னிடம் காலுக்குக் கட்டுகிற பட்டி ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டு கிழமை கழித்து நல்ல செய்தி வந்தது. வேறொரு கழகத்தின் பயிற்சியாளர் அவன் வீட்டுக்கே போய், வாங்குக்கல்ல, முதல் பதினெட்டுக்கு, கோலுக்கு முன்னால் நிற்க வா என்று கேட்டிருக்கிறார். இதற்கு எங்கள் கழகம் கிளியரன்ஸ் கொடுக்க வேண்டும். கிளியரன்ஸ் என்றால் போக விடுகிற சம்மதம். அது இல்லாமல் ஒருவன் இன்னொரு கழகத்துக்கு விளையாட முடியாது. இதில் என்ன தடை இருக்கப்போகிறது என்று நினைத்தோம். பெட்டியில் போட்டு வெளியே வைத்த ஆளைத்தானே கேட்கிறார்கள்.

கழகம் மறுத்துவிட்டது. 'எங்களுக்குத் தேவையான ஆட்டக்காரர்' என்று பதில்.

அன்று பின்னேரம் நான் வீட்டில் சட்டி பானையெல்லாம் சத்தமாக வைத்திருக்க வேண்டும். கணவர் பேப்பரை மடித்துவிட்டுக் குசினிக்குள் வந்தார்.

"இப்ப என்ன நடந்தது?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "நீர் ஏன் இதுக்குள்ள தலையைப் போடுறீர்?" என்றார். "எங்கட ஆக்களுக்கே இஞ்ச நிக்க இடமில்லை. நீர் ஒரு வெள்ளைக்காரனுக்காகச் சண்டை பிடிக்கப் போறீரோ?"

"வெள்ளைக்காரனெண்டா முழங்கால் நோகாதோ?"

"அதுக்கில்லையப்பா. உம்மட வேலைக்கும் ஏதும் வந்திடும்."

"வரட்டும்" என்றேன். அவர்மீதும் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பாதி சரி என்பதால் இன்னும் கூட வந்தது.

அதற்குப் பிறகுதான் மோசமான விஷயம் நடந்தது. அந்த மற்றக் கழகத்தின் பயிற்சியாளர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக நின்றார்.

"ஒண்டு கேக்க வேணும். மேசனுக்காக நாங்கள் லீக் மேலிடத்துக்கு அப்பீல் பண்ண இருந்தனாங்கள். ஆனா முழங்கால் முடிஞ்சு போச்சாம், அரைப் பருவம்கூடத் தாங்காதாம். அதுதான் வீணாக ஏன் எண்டு யோசிக்கிறம்."

"ஆர் சொன்னது?"

"உங்கட காரியதரிசி. நீங்கள் பாத்திட்டுச் சொன்னதெண்டு சொன்னார்."

கொழும்பிலும் இங்கேயுமாக இரண்டு தரம் படித்து, இரண்டு தரம் சோதனை எழுதி நான் வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு காலைப் பார்த்து நான் சொல்வதை நாலு பேர் நம்புவார்கள் என்பது. அதை எடுத்து ஒருவன் பொய்க்கு முட்டுக்கொடுத்திருக்கிறான்.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் நான் ஒன்றும் சொல்லக்கூடாது. மேசனுக்குப் போன் பண்ணினேன். சீமெந்துத் தூசி படிந்த காற்சட்டையோடு, வேலைத்தளத்திலிருந்து அப்படியே வந்தான். "இவருக்கு முன்னால உங்கட காலைப் பாக்கட்டோ?" என்று கேட்டேன். "ஓம், பாருங்கோ" என்றான். ஒற்றைக் காலில் குந்தி எழும்பச் சொன்னேன். படியிலிருந்து குதிக்கச் சொன்னேன். கதிரையில் இருத்தி, காலை நீட்டச் சொல்லி, என் முழுப் பலத்தோடும் கீழே அமர்த்தினேன். அசையவில்லை. அந்தப் பயிற்சியாளர் தானும் ஒருதரம் அமர்த்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இந்தக் காலையோ முடிஞ்சுபோன கால் எண்டவங்கள்?" என்றார்.

மேசன் அப்போதுதான் அந்தப் பொய்யைக் கேள்விப்பட்டான். தன் காற்சட்டைக் காலை மெல்லக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டான்.

அடுத்த பயிற்சி நாளன்று நேரே காரியதரிசியின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"நான் சொல்லாத கதையை என்ர பேரில ஏன் சொன்னனீங்கள்?"

"என்ன கதை, லவ்?"

"முழங்கால் கதை. என்ர பேரில சொன்னனீங்கள். என்ர பேர் என்ன?"

அவர் சிரித்தார். "அது நீளமான பேர், லவ்."

"சொல்லுங்கோ பாப்பம்."

சொல்ல முடியவில்லை. சிரிப்பு நின்றது. கதிரையில் சாய்ந்துகொண்டு, ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற குரலில் பேசத் தொடங்கினார். "உங்களுக்கு விளையாட்டுத் தெரியாது. அவன் ஆறு வருசமா எங்கட முன்வரிசைக்காரரோட பயிற்சி செய்தவன். ஒவ்வொருத்தனும் எந்தப் பக்கம் திரும்புவான், எந்தக் காலால குதிப்பான் எண்டு அவனுக்குத் தெரியும். அவன் போய் எங்களுக்கு எதிரா நிண்டா எங்கட கதை என்ன?"

"அப்ப அவர் பெறுமதியான ஆள்."

"எங்களுக்கு எதிரா நிண்டா, ஓம்."

"உங்களோட நிண்டா?"

"எங்களோட நிண்டா இருபதாவது ஆள்."

வெட்கமில்லாமல் சொன்னார். சொல்வதில் என்ன பிழை என்றே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் என்னை எல்லாவற்றையும்விட எரித்தது. ஒரு கள்ளனுக்காவது தான் கள்ளன் என்று தெரிந்திருக்கும். சாமான் அறைச் சாவியை அவர் மேசையில் வைத்தேன். இந்தக் கழகத்துக்கு இனி நான் வரமாட்டேன் என்றும், என் பெயரில் இன்னொரு வார்த்தை வெளியே போனால் பேப்பர்காரரிடம் போவேன் என்றும் சொன்னேன். அவர் எழும்பக்கூட இல்லை.

மற்றக் கழகம் அப்பீல் பண்ணியது. தோற்றது. மேலிடத்தில் இருந்தவர்களும் இவரைப்போன்ற காரியதரிசிமார்தானே. இன்று இவனை விட்டால் நாளை தங்கள் ஆட்களையும் விடவேண்டி வரும்.

அவனுக்கு ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுகிற சின்ன லீக் ஒன்று இருந்தது. அங்கே கிளியரன்ஸ் கேட்கமாட்டார்கள். ஆனால் அப்படிப் போனவனுக்குப் பெரிய லீக்கில் தடை. காலும் கையும் நன்றாக இருக்கிற வயதில், பெரிய லீக்கை ஒரேயடியாகக் கைவிடுகிற முடிவை ஒருவன் எடுக்க வேண்டியிருந்தது.

"உங்களுக்குக் கோபம் வரேல்லையோ?" என்று அவனை நேராகவே கேட்டேன்.

"வந்தது" என்றான். "ஆனா, மிஸிஸ், எனக்கு வெளியில இருந்து இருந்து களைச்சுப்போச்சு. நான் விளையாட வேணும்."

போனான். முதல் ஆட்டத்திலிருந்தே முழு நேரமும் களத்தில் நின்றான். அவன் மனைவி கூப்பிட்டு நானும் ஒரு ஞாயிறு போனேன். கார்களை மைதான ஓரத்தில் நிறுத்தி, கோல் விழுந்தால் ஹோர்ன் அடிக்கிற சின்ன மைதானம். அவன் பக்கத்தில் நின்ற இளம் தடுப்பாட்டக்காரர்களை, இங்கே நில், அங்கே போ என்று கத்தி நிறுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தக் குரலைத்தான் ஆறு வருடம் வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தின் நடுவில் காரியதரிசி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். கழகத்தின் தடுப்பாட்டக்காரன் கால் முறிந்து விழுந்துவிட்டான். அவனுக்குப் பதிலாக இறக்கிய புதுப் பையனை எதிர்ப்பக்கத்தார் நாலு சனிக்கிழமையாகத் துவைத்து எடுத்துவிட்டார்கள்.

"நீங்கள் சொன்னா அவன் கேப்பான், லவ். திரும்பி வாறானோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

"அவருக்குத் தடை போட்டது ஆர்?"

"அதைப் பேசித் தீர்க்கலாம்."

பேசித் தீர்க்கலாம். தீர்க்க முடிகிற விஷயத்தைத்தான் ஒரு மனிதனின் தலையில் பாறாங்கல்லாகத் தூக்கி வைத்திருந்தார்கள். முடிவு எடுக்க வேண்டியவன் அவன் என்பதால் செய்தியை அவனிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "இந்த ஞாயிறு எங்களுக்கு ஆட்டம் இருக்கு" என்றான். அதைக் காரியதரிசியிடம் நான் திருப்பிச் சொல்லவில்லை. அவரே மறுபடி எடுத்தபோது, "நான் போன் எடுக்கிற ஆள் இல்லை, பிசியோதெரபிஸ்ட்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வருடம் கழகம் கடைசிக்கு முந்திய இடத்தில் முடிந்தது. காரியதரிசி அடுத்த வருடமும் காரியதரிசிதான். அவருடைய பெறுமதியை யாரும் கரும்பலகையில் எழுதிப் பார்க்கவில்லை.

நாங்கள் வந்து பத்து வருடம் முடிகிற நேரத்தில், நகரத்தின் ஓரத்தில் ரோவில் என்ற இடத்தில் ஒரு காணி வாங்கி வீடு கட்டினோம். செங்கல் வேலைக்கு மேசனைத்தான் கூப்பிட்டேன். தேத்தண்ணி கொண்டுபோன ஒருநாள் பழையபடி அந்தக் கழகத்தைப் பற்றிப் பேச்சு எழும்பியது. நான்தான் எழுப்பினேன். அந்தக் கரும்பலகை, அந்தச் சிரிப்பு, கடதாசிப் பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நான் திட்டிக்கொண்டே போக, அவன் நூலைப் பிடித்து வரி பார்த்துக் கல் வைத்துக்கொண்டிருந்தான்.

"மிஸிஸ்" என்றான் கடைசியில், "கலவை இறுகுது. அந்தக் கல்லுகளை எடுத்துத் தாறீங்களோ?"

எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே மிச்சத்தையும் திட்டி முடித்தேன்.